மருமகளின் ஆமைகளும் என் தங்கமீனும்

எங்கள் வீட்டில் ஆமை வளர்ந்த கதையைச் சொன்னால் போடியில் பாதிப் பேர் வாயில் கை வைப்பார்கள். மீதிப் பேருக்கு ஏற்கெனவே தெரியும். மகனுக்குக் கல்யாணமாகி மருமகள் வீட்டுக்கு வந்த அன்று, சீர்ச் சாமான்களோடு ஒரு கண்ணாடித் தொட்டியும் வேனிலிருந்து இறங்கியது. உள்ளே இரண்டு ஆமைகள். ஒன்று உள்ளங்கை அகலம், இன்னொன்று அதில் பாதி. கன்னத்தில் சிவப்புக் கோடு இழுத்த வகை. கோயம்புத்தூரில் படித்தபோது வாங்கினாளாம், ஹாஸ்டலில் வார்டனுக்குத் தெரியாமல் வளர்த்தாளாம். சீர் பார்க்க வந்த பெண்கள் பீரோவையும் பார்க்கவில்லை, அண்டாவையும் பார்க்கவில்லை. எல்லாரும் ஆமையைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள்.

ஆமை வீட்டுக்குள் வரலாமா என்று எங்கள் பக்கம் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். எனக்கும் அந்த எண்ணம்தான். ஆனால் புதுப்பெண்ணிடம் வந்த அன்றைக்கே "இதைக் கொண்டுபோய் விட்டுட்டு வா" என்று எந்த வாயால் சொல்வது? பல்லைக் கடித்துக்கொண்டு ஹாலில் ஒரு மூலையைக் காட்டினேன். அவள் அங்கே தொட்டியை வைத்து, மேலே ஒரு தனி விளக்கை மாட்டி, உள்ளே ஏறி உட்கார ஒரு கல்லையும் போட்டாள். ஆமைகள் கல்லில் ஏறி, கழுத்தை நீட்டி, விருந்துக்கு வந்த சம்பந்தி மாதிரி உட்கார்ந்திருந்தன. எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

பக்கத்து வீட்டுக்காரிதான் வழி சொன்னாள். "ஆமை வந்துருச்சுன்னு மனசப் போட்டு ஒழப்பிக்கிறாதீக மதினி. அதுககூட ரெண்டு மீன விட்டு வளத்துப் பாருங்க. மீனு லச்சுமில்ல? ஒண்ணுக்கு ஒண்ணு சரியாப் போயிரும்."

அன்று சாயங்காலமே பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மீன் தொட்டி விற்கிற கடைக்குப் போய், பாலித்தீன் பையில் ஒரு கைப்பிடி தங்கமீன் வாங்கி வந்தேன். எல்லாம் சுண்டுவிரல் நீளம்.

"அத்தை, ஆமை மீனத் தின்னும்" என்றாள் மருமகள்.

"பட்டினி போட்டாத்தான் தின்னும். நீ வயித்துக்குப் போடு, அது ஏன் திங்கப்போகுது?" என்று பையை அவிழ்த்துக் கவிழ்த்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியது. அதற்கும் வாலில் பாதி இல்லை. ஆனால் தீனி போட்டால் அந்தப் பாதி வாலை ஆட்டிக்கொண்டு முதல் ஆளாக வந்து நின்றது. அடிபட்டும் அசராத அந்தத் துணிச்சல் எனக்குப் பிடித்துப்போனது. மருமகள் வேறு தொட்டியில் போடலாம் என்றாள். நான் விடவில்லை. ஆமைக்குப் பரிகாரமாக வந்த மீன், ஆமையோடு இருந்தால்தானே பரிகாரம்! அன்றிலிருந்து அந்தத் தொட்டிக்குள் நான் கட்சி கட்டிவிட்டேன். மீன் என் கட்சி, ஆமைகள் அவள் கட்சி.

அவளுக்கு வளைகாப்பு முடிந்து, தலைப்பிரசவத்துக்குச் சின்னமனூர் தாய்வீட்டுக்குக் கூட்டிப்போக கார் வந்து வாசலில் நின்றது. கை நிறைய வளையலோடு என்னை ஹால் மூலைக்கு இழுத்துப் போனாள்.

"அத்தை, இத மட்டும் மறந்துராதீங்க. ஆமைக்குத் தினம் காலையில வெயில் படணும். வெயில் படலைன்னா ஓடு கெட்டியாகாது. மீனத் தனியாப் பிரிச்சிருங்க, ஆமைத் தீனிய அது அள்ளித் தின்னுருது. உங்கள நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்."

"நீ நல்லபடியாப் போயிப் பிள்ளையப் பெத்துட்டு வா ஆத்தா. வாயில்லாச் சீவன நான் பாத்துக்க மாட்டனா?" என்றேன். அவள் என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனாள்.

கார் தெருமுனை திரும்பியிருக்காது, நான் தொட்டியைக் காலி பண்ண ஆரம்பித்துவிட்டேன். பிள்ளை பிறந்து வரப்போகிற ஹாலில் ஆமை இருக்கக் கூடாது என்று எப்போதோ முடிவு செய்து வைத்திருந்தேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. தெரியாமல் செய்தேன், தெரியாமல் செய்தேன் என்றுதான் பிறகு எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பாதிதான் தெரியாமல் செய்தது.

வீட்டுக்குப் பின்னால் ஒரு சிமெண்டுத் தொட்டி இருந்தது. ஆமைகளையும் மீனையும் அதில் விட்டேன். சித்திரை மாதம், போடி வெயில் மண்டையைப் பிளக்கிறது. தோட்டத்து நாற்றங்காலுக்குப் போட்டது போக மிச்சம் கிடந்த பச்சை வலையை எடுத்து, இரண்டாக மடித்து, தொட்டிக்கு மேலே பந்தல் மாதிரி இழுத்துக் கட்டினேன்.

அந்த வலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். போடிமெட்டுக்கு மேலே எங்களுக்குச் சின்னதாக ஓர் ஏலத்தோட்டம் உண்டு. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து விடியற்காலை ஜீப்பில் ஏறி மலைக்குப் போய் ஏலச் செடியோடு பிழைத்தவள் நான். ஏலத்துக்கு வெயில் ஆகாது. மேலே நிற்கிற மரத்தில் ஒரு கிளை காற்றில் முறிந்தால் போதும், அந்த இடைவெளியில் விழுகிற வெயிலில் கீழே நிற்கிற செடி மஞ்சளாகிச் சுருண்டுவிடும். நாற்று என்றால் கேட்கவே வேண்டாம், பச்சைப்பிள்ளையைப் போல வலைக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும். நிழல் போட்டால் உயிர் பிழைக்கும், வெயில் பட்டால் போய்விடும். எனக்குத் தெரிந்த வளர்ப்பு அது ஒன்றுதான். அதையே ஆமைக்கும் செய்தேன்.

வீட்டுக்காரர் ஒருநாள் குளித்துவிட்டு வரும்போது பார்த்துவிட்டுக் கேட்டார். "இந்தா, அந்தப் புள்ள வெயில்ல வைக்கச் சொல்லுச்சுல்ல?"

"ஏலம் வளத்தவளுக்கு நெழலு வெயிலு சொல்லித் தாறீகளாக்கும்? இந்த வெயில்ல வச்சா வெந்து போயிரும். போயி ஒங்க சோலியப் பாருங்க."

அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். என் வாய்க்கு அவர் எப்போதும் அப்படித்தான்.

பெரிய தொட்டிக்கு வந்ததும் மீன் பருக்க ஆரம்பித்தது பாருங்கள், அப்படி ஒரு வளர்த்தி! வால் முழுதாக வளர்ந்தது. இரண்டு மாதத்தில் என் உள்ளங்கைக்கு வந்துவிட்டது, பிறகு உள்ளங்கையையும் தாண்டியது. ஏலக்காய்ப் பருமனைப் பார்த்தே பழகிய கண் என்னுடையது. பருத்தால் நல்லது, சிறுத்தால் தள்ளுபடி. மீன் பருக்கப் பருக்க என் தலையில் கனம் ஏறியது. மருமகள் வாங்கி வைத்துவிட்டுப் போன ஆமைத் தீனியைப் போடும்போது, மீன் வந்து வயிறு முட்டத் தின்கிற வரை ஆமைகளை ஒரு குச்சியால் ஒதுக்கி வைத்துக்கொள்வேன். இல்லாவிட்டால் வாலைக் கடிக்குமே! மிச்சம் மீதி கிடந்தால் அவை பொறுக்கிக்கொள்ளட்டும் என்று இருந்தேன். மேற்கொண்டு கொஞ்சம் சோற்றுப் பருக்கையும் போடுவேன். அது ஆமைக்கு ஆகுமா ஆகாதா என்று யோசித்ததில்லை.

போகப் போக ஆமைகள் மீனைத் துரத்துவதை விட்டுவிட்டன. மூலையில் போய் அசையாமல் கிடந்தன. மீன் அவற்றின் தலைக்கு மேலேயே நீந்திப் போகும். வீட்டுக்கு வந்தவர்களையெல்லாம் பின்பக்கம் கூட்டிப்போய்க் காட்டினேன். "பாத்தீகளா, எம்புட்டு ஒத்துமையா இருக்குதுக! எல்லாம் வளக்குற கையிலதான் இருக்கு." பக்கத்து வீட்டுக்காரி கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். ஆமைகளுக்குக் கடிக்கத் தெம்பில்லை என்பதைத்தான் நான் ஒற்றுமை என்று ஊர் பூராவும் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது நினைத்தாலும் காது மடல் சுடுகிறது.

மருமகளுக்கு ஆண்குழந்தை பிறந்தது. தினமும் போனில் முகம் பார்த்துப் பேசுவோம். பேரனைக் காட்டுவாள். நான் மீனைக் காட்டுவேன்.

"ஆமை எப்படி இருக்கு அத்தை? கொஞ்சம் ஓட்டக் காட்டுங்களேன்" என்பாள்.

"அதுகளுக்கென்ன, தின்னுட்டுத் தூங்குதுக. நீ மீனப் பாரு, எம்புட்டு ஆயிருச்சு!"

"வெயில்ல வைக்கிறீங்கள்ல?"

"வச்சுக்கிட்டுத்தான் இருக்கேன் ஆத்தா." கூசாமல் சொன்னேன். ஒரு தடவை சொன்ன பிறகு மறுதடவை சொல்வது லேசாக இருந்தது.

காய் எடுப்பு வந்தது. நான் மலைக்கும் வீட்டுக்குமாக அலைந்தேன். ஒருநாள் மதியம் தோட்டத்திலிருந்து இறங்கி வந்து, தொட்டித் தண்ணீரை மாற்றலாம் என்று சின்ன ஆமையைத் தூக்கினேன். என் கட்டைவிரல் ஓட்டுக்குள் அமுங்கியது.

பதறிப்போய் விரலை எடுத்தேன். திரும்ப மெல்லத் தொட்டுப் பார்த்தேன். ஓடு முற்றாத பிஞ்சுக் காய் மாதிரி கொழகொழவென்று இருந்தது. பின்பக்கம் மேலே வளைந்து தூக்கியிருந்தது. பெரியதைத் தூக்கிப் பார்த்தேன், அதற்கு ஓரமெல்லாம் மெத்தென்று இருந்தது. சின்னது கண்ணைத் திறக்கவே இல்லை. காலைச் சுண்டினால் மெதுவாக இழுத்துக்கொண்டது, அவ்வளவுதான். மீன் வந்து தீனிக்காகத் தண்ணீரில் வாயைப் பிளந்து பிளந்து மூடியது. எனக்கு அதைப் பார்த்து எரிச்சல் வந்தது. அது என்ன பாவம் செய்தது? போட்டதைத் தின்றது.

உடனே மருமகளுக்குப் போன் போட்டுச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பச்சை உடம்புக்காரியிடம் இதைச் சொல்லி அவளுக்குப் பால் வற்றிப்போனால் என்ன செய்வது என்று எனக்கு நானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயந்தது அவளுக்காக இல்லை. வாய் கிழியப் பேசியது நான்தானே! வலையை அவிழ்த்தேன். தினம் காலையில் வெயில் படும்படி வைத்தேன். தீனியைக் கையாலேயே ஆமைகளின் வாய்க்கு நேரே நீட்டினேன். பெரியது தின்றது. சின்னது தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவள் வருவதற்குள் எப்படியாவது கெட்டிப்பட்டுவிட வேண்டும் என்று ஊரில் உள்ள சாமிக்கெல்லாம் வேண்டினேன். ஆமைக்காக வேண்டிக்கொண்டேன் என்று சொன்னால் நம்ப முடிகிறதா? எனக்காகத்தான் வேண்டிக்கொண்டேன்.

அவள் வந்த அன்று வீடு நிறையச் சொந்தக்காரர்கள். ஆரத்தி எடுத்து, பிள்ளையை உள்ளே கொண்டு வந்து, எல்லாரும் மடியில் வாங்கி வாங்கிப் பார்த்தார்கள். நான் கேசரி கிளறிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்க்கிறேன், ஹாலில் மருமகளைக் காணவில்லை. கரண்டியோடு பின்பக்கம் ஓடினேன்.

பட்டுச் சேலையோடு தொட்டிக்குப் பக்கத்தில் துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தாள். மடியில் சின்ன ஆமை. ஒரு விரலால் அதன் ஓட்டை மெல்லத் தடவிக்கொண்டிருந்தாள். அழுத்தவே இல்லை. பார்த்த மாத்திரத்தில் அவளுக்குத் தெரிந்துவிட்டது. சத்தம் இல்லாமல் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

நான் அவள் காலில் விழுந்திருந்தால்கூடத் தகும். ஆனால் என் பின்னாலேயே நாலைந்து பேர் வந்துவிட்டார்கள். அவர்கள் முன்னால் என் வாய் என்ன செய்தது தெரியுமா?

"நல்ல நாளும் அதுவுமா ஒரு ஆமைக்குப் போயி உக்காந்து அழுகுறியே! பிள்ளைக்குப் பாலு குடுக்குற நேரம், எந்திரிச்சு வா. அந்த மீன் எப்படி வளந்திருக்குன்னு பாத்தியா?"

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் நானும் நாலு வார்த்தை பேசித் தப்பித்திருப்பேன். "வெயில்ல வைக்கிறேன்னு சொன்னீங்களே அத்தை" என்றாள், அவ்வளவுதான். ஆமையைத் தொட்டியில் விட்டுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். கூட இருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக நழுவினார்கள். அடுப்பில் கேசரி தீய்ந்துவிட்டது.

மறுநாள் காலையில் மாட்டாஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். நான் கூப்பிடாமலேயே கூடப் போனேன். பிள்ளையை வீட்டுக்காரரும் மகனும் பார்த்துக்கொண்டார்கள். ஆடும் மாடும் கன்றுக்குட்டியுமாக ஆட்கள் நின்றார்கள். நான் ஆமைகள் இருந்த பேசினை முந்தானையால் மூடிக்கொண்டு நின்றேன். மலையில் எங்களிடம் காய் எடுக்கிற பெண் ஒருத்தி ஆட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "என்னக்கா, பேசினுக்குள்ள என்னத்த மறைக்கிறீக?" என்று சிரித்தாள். "ஒண்ணுமில்ல, போ" என்று எரிந்து விழுந்தேன்.

டாக்டர் ஆமையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். போனில் எதையோ படித்தார், யாரிடமோ கேட்டார். பிறகு முகம் மாறிவிட்டது.

"யார் இத வளக்குறது? எத்தன மாசமா வெயில் காட்டல? சரியான தீனியும் இல்ல. உயிர வளக்கத் தெரியலைன்னா எதுக்கும்மா வாங்குறீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் மருமகள் சொன்னாள். "நான்தான் சார் வளக்குறேன். பிரசவத்துக்கு ஊருக்குப் போயிட்டேன். என் தப்புதான்."

டாக்டர் அவளைத் திட்டினார். படித்த பிள்ளைதானே என்று கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றுக்கும் "ஆமா சார்" என்றாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். மலையில் பத்துப் பேரை ஒற்றைச் சத்தத்தில் வேலை வாங்குகிறவள், ஒரு "நான்தான்" சொல்ல வாய் வரவில்லை. வெளியே வந்து அவள் ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்ததும், பேசினை மடியில் வைத்துக்கொண்டு நானும் பின்னால் ஏறினேன்.

மருந்தும் வெயிலும் கொடுத்துக் கொடுத்துப் பெரியது தேறிவிட்டது. சின்னதுக்கு ஓடு கெட்டிப்பட்டது, ஆனால் தூக்கியது தூக்கியபடியே நின்றுவிட்டது. இனி அது சரியாகாதாம். நடக்கும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்துதான் போகும். தினமும் காலையில் மாடிக்குப் பேசினைத் தூக்கிப் போய் வெயிலில் வைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பது இப்போது என் சோலி. யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை. மீனைத் தனித்தொட்டிக்கு மாற்றியாயிற்று. அது இன்னும் பருத்துக்கொண்டேதான் போகிறது. வருகிறவர்களிடம் நான் காட்டுவதில்லை.

மருமகள் வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்தில் அவளுடைய லீவு முடிந்தது. நான் குத்துக்கல் மாதிரி வீட்டில் இருக்கிறேன், பேரனை நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும், அதுதானே முறை? லீவு முடிவதற்கு இரண்டு நாளைக்கு முன்னால் மகன் தயங்கித் தயங்கி வந்து நின்றான். "அம்மா, அவுங்க அம்மா வந்து கொஞ்ச நாளு இருக்கேன்னாங்க. ஒனக்கும் தோட்டத்துச் சோலி இருக்குல்ல?" சின்னமனூரிலிருந்து சம்பந்தியம்மா பையோடு வந்து இறங்கினார்கள். என் வீட்டில், என் பேரனைப் பார்த்துக்கொள்ள! பக்கத்து வீட்டுக்காரி விடுவாளா? "நீங்க இருக்கீகளே மதினி, பெறகு என்னத்துக்கு அவுக?" என்று கேட்டாள். "மேல காய் எடுப்பு நடக்குதுல்ல" என்றேன். காய் எடுப்பு முடிந்து வெகுநாளாயிற்று என்று அவளுக்கும் தெரியும்.

சம்பந்தியம்மா தங்கமானவர். ஒரு குத்தல் பேச்சு கிடையாது. அதுதான் எனக்கு இன்னும் தாங்க முடியவில்லை. பிள்ளை அழுதால் நான் எழுந்திருப்பதற்குள் அவர் எழுந்துவிடுவார். "நீங்க ஒக்காருங்க மதினி, நான் பாத்துக்கிறேன்" என்பார். நான் உட்கார்ந்துகொள்வேன்.

போன வாரம் அவர் ஊரில் ஒரு சாவு. வெரசாகக் கிளம்பிப் போய்விட்டார். மருமகளுக்குப் பள்ளிக்கூடத்தில் பரீட்சை, லீவு போட முடியாது. மகன் தேனிக்கு வேலைக்குப் போயாயிற்று. வேறு ஆள் இல்லை. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஹெல்மெட்டை வண்டியில் மாட்டிவிட்டு, வாசற்படியில் வந்து நின்றாள்.

"அத்தை, பாலு பிரிட்ஜுல எடுத்து வச்சிருக்கேன். சுடுதண்ணிக்குள்ள கிண்ணத்த வச்சு வெதுவெதுப்பாக்கிக் குடுங்க, அடுப்புல வைக்காதீங்க. தேன் தொட்டு வைக்காதீங்க. குடிச்சதும் தோள்ல போட்டுத் தட்டுங்க. தூங்கும்போது குப்புறப் போட வேண்டாம்."

ஒரு பிள்ளையைப் பெற்று வளர்த்து உனக்கே கட்டிக் கொடுத்திருக்கிறேனடி என்று தொண்டை வரைக்கும் வந்தது. விழுங்கினேன். "சரி ஆத்தா" என்று கையை நீட்டினேன்.

அவள் பிள்ளையைக் கொடுக்கவில்லை.

"தப்பா நெனைக்காதீங்க அத்தை. நான் சொன்னத ஒரு தடவ திருப்பிச் சொல்லுங்க."

அவள் குரலில் குத்தல் இல்லை. கண் கலங்கியிருந்தது. இதைக் கேட்க அவளுக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. தெருவில் பக்கத்து வீட்டுக்காரி கோலத்தைப் பாதியில் விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். நான் சொன்னேன், பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒப்பிக்கிற மாதிரி. தேனை விட்டுவிட்டேன். அவள் எடுத்துச் சொன்னாள். மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்து, ஒன்று விடாமல் சொன்னேன். முழுதும் கேட்டு முடித்த பிறகுதான் பிள்ளையை என் கையில் கொடுத்தாள்.